கீழ்முதுகின் எல்5 முள்ளெலும்பில் கீறல்: ஸ்க்ரூ போட்டால் பிறகு குனியவே முடியாதா?

மகனுக்கு 17 வயசு, ஆறு மாசம் ஓய்வும் பெல்ட்டும் பார்த்தாச்சு, வலி நிக்கல, ஸ்க்ரூ போடலாம்னு டாக்டர் சொல்றார், போட்டா குனிய முடியாதுன்னு ஊரே பயமுறுத்துதுன்னு கேட்டிருக்கீங்க. மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க அம்மாவையும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க. அப்ப எனக்கு 19.

நான் தக்ராவ்ல, அதாவது வாலிபாலைக் காலால ஆடுற மாதிரியான விளையாட்டுல, தெக்கோங், சர்வ் போடுறவன். ஒத்தைக் கால்ல நின்னு மறு காலை உயரத் தூக்கி உதைக்கணும். சனி ஞாயிறுல அப்பாகூட செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டப் போவேன். அண்ணாந்து நின்னு நீளக் கம்பை இழுக்கிற வேலை. ரெண்டுலயும் இடுப்பு பின்னால வளைஞ்சு திருகும். முள்ளெலும்போட பின்பக்கம் ஒரு மெல்லிய பாலம் இருக்கு, திரும்பத் திரும்ப அங்கேயே பாரம் விழுந்தா கீறல் விட்டுடும். கிரிக்கெட்ல வேகமாப் பந்து போடுறவங்களுக்கும் அதே இடம்தான்.

முதல்ல பார்த்த கிளினிக்ல தசைப்பிடிப்புன்னு மாத்திரை குடுத்தே நாலு மாசம் ஓட்டிட்டாங்க. நடுவுல எண்ணெய் போட்டு உருவி விட்ட கதையெல்லாம் வேணாம். ஈப்போ டாக்டர்தான் ஒத்தைக் கால்ல நிக்க வச்சுப் பின்னால சாயச் சொன்னார். கத்திட்டேன். சாய்வா எடுத்த எக்ஸ்ரேயில எலும்பு குட்டி நாய் மாதிரித் தெரிஞ்சுது, கழுத்துல பட்டை கட்டின மாதிரி ஒரு கோடு. அதுதான் முறிவுன்னார்.

ஊர்க்காரங்க ரெண்டு ஆபரேஷனைக் குழப்பிக்கிறாங்க. ஒண்ணு, பக்கத்துப் பக்கத்து ரெண்டு எலும்பைச் சேர்த்து ஒட்டிடுறது. அந்த மூட்டு அப்புறம் அசையாது. (அப்படிச் செஞ்சவங்களும் குனியத்தான் செய்றாங்க, இடுப்பு மூட்டு இருக்கே!) இன்னொண்ணு ரிப்பேர். ஒரே எலும்போட உடைஞ்ச துண்டுகளை மட்டும் சேர்க்கிறது. முறிவுக்கு நடுவுல வளர்ந்த சவ்வைச் சுரண்டி எடுத்துட்டு, இடுப்பெலும்புல இருந்து கொஞ்சம் எலும்பெடுத்து அதுல அடைச்சு, குறுக்க ஸ்க்ரூ போடுவாங்க. 1970-ல பக்ங்கிற டாக்டர் எழுதின முறை இது. இப்ப கம்பி, கொக்கி வச்சும் செய்றாங்க. மூட்டு அசைவு அப்படியே இருக்கும். எனக்குச் செஞ்சது இதுதான். சொன்னா நம்பமாட்டீங்க, முதுகைவிட எலும்பெடுத்த இடுப்புதான் ரொம்ப நாள் வலிச்சுது.

ஆனா எலும்பு நல்லா முன்னால வழுக்கியிருந்தாலோ, கீழ இருக்கிற டிஸ்க் (ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவுல இருக்கிற மெத்தை) கெட்டுப்போயிருந்தாலோ பெரும்பாலும் ரிப்பேர் சரிவராது. எம்.ஆர்.ஐ. காட்டி டாக்டர்கிட்ட இதை நேராக் கேளுங்க. சிலருக்கு எலும்பு ஒட்டாமலும் போகும். பையன் ஒளிஞ்சு சிகரெட்டோ வேப்போ பிடிக்கிறானான்னும் விசாரிங்க, நிகோட்டின் எலும்பு கூடுறதைக் கெடுக்கும்.

கிரிக்கெட்ல வேகமாப் பந்து போடுற பும்ரா 2023 மார்ச்சுல நியூசிலாந்துல முதுகு ஆபரேஷன் பண்ணிட்டு ஆகஸ்ட்ல அயர்லாந்துக்கு எதிரா ஆடினார். இதைப் பையன்கிட்ட சொல்லாதீங்க, நாள் எண்ண ஆரம்பிச்சுடுவான். ஸ்க்ரூ பிடிச்சுக்கத்தான் செய்யும், ஒட்ட வேண்டியது எலும்பு. நான் மறுநாளே நடந்தேன், ஆனா சி.டி. ஸ்கேன்ல எலும்பு ஒட்டிடுச்சுன்னு பார்த்து, பிசியோ முடிச்சு, திடலுக்குப் போக பதினோரு மாசம் ஆச்சு.

அதுக்குள்ள தெக்கோங் இடத்தை வேற பையன் பிடிச்சுட்டான். இப்ப நான் அவனுக்குப் பந்து தூக்கிப் போடுறேன். கீழ விழுந்த பந்தையும் நான்தான் குனிஞ்சு எடுக்கிறேன்.