போத்தலின் பின்பக்கம்

கேள்வி: எனக்கு 34 வயது. நாலைந்து மாதமாகத் தலைமுடி கொட்டி, வகிடு அகன்று தெரிகிறது. தலையும் அரிக்கிறது. ரோஸ்மேரி கலந்த மூலிகை எண்ணெய் பூசினால் முடி திரும்ப வளரும், இயற்கையான எண்ணெய், பக்கவிளைவே இல்லை என்கிறார்கள் கடையில். விலைதான் அதிகம். வாங்கலாமா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: காசைக் கொடுக்க முன்னர் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தில் கரிசலாங்கண்ணி, செம்பரத்தை, முழங்கால்வரை கூந்தல் உள்ள ஒரு பெண். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். மூலிகை என்று விற்கப்படும் எத்தனையோ போத்தல்களில் முதலாவதாக நிற்பது லிக்விட் பரபின் அல்லது மினரல் ஒயில். இரண்டும் மசகு எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பவை. மூலிகைகள் கடைசி வரியில் இருக்கும். மினரல் ஒயில் விஷமல்ல. முடியின் மேல் படிந்து மினுக்கம் தரும், அவ்வளவுதான். ஆனால் மூலிகைக்கு என்று வாங்கிய காசுக்குப் பெற்றோலியத்தின் பிள்ளையை ஊற்றிக் கொடுப்பதை நான் வியாபாரம் என்று சொல்லமாட்டேன்.

மசகு எண்ணெய் என்று எழுதியதும் திருகோணமலைக்காரனுக்குச் சீனக்குடாவின் எண்ணெய்ச் சேமிப்புக் குதங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. பிரித்தானியர் கட்டிவைத்த குதங்களில் ஒன்று 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்துபோனது. இன்று 99 குதங்கள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் எழுதிய ஒப்பந்தத்தின்படி இந்திய நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டு நிறுவனத்துக்கு 61. பேச்சு கொழும்பிலும் டில்லியிலும் நடந்தது. குதங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சனத்திடம் யார் கேட்டார்கள்? இதை இந்தப் பக்கத்தில் முன்னரும் எழுதினேன், இனியும் எழுதுவேன். ஒப்பந்தமோ எண்ணெய்ப் போத்தலோ, அதில் என்ன இருக்கிறது என்று எங்கள் சனம் தங்கள் மொழியில் வாசித்து அறிய வேண்டும். பூசுகிறவருக்கு வாசிக்க முடியாத பட்டியலை ஒட்டிவிட்டு ‘இயற்கை’ என்பதை மட்டும் தமிழில் பெரிதாக அச்சடிக்கும் கம்பனிகளோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. அவர்களுடைய விளம்பரம் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய பின்னர், பாரம்பரியத்தை இழிவுபடுத்துகிறேன் என்று கடிதம் வந்தது. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவதுதான் எங்கள் பாரம்பரியம். பரபினுக்குப் பச்சை நிறம் போடுவது அல்ல.

உங்கள் தலைக்கு வருகிறேன். ரோஸ்மேரி வெறும் கதையல்ல. 2015இல் வெளிவந்த ஈரானிய ஆய்வொன்றில் பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மற்றவர்களுக்கு வழுக்கைக்குப் பூசும் மருந்தான மினொக்ஸிடில் 2 வீதக் கரைசலும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் இரு பக்கமும் பெரிய மாற்றம் இல்லை; ஆறு மாதத்தில் இரு பக்கமும் முடியின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் ஒன்றும் பூசாத மூன்றாவது குழு ஒன்றை அவர்கள் வைத்துப் பார்க்கவில்லை. இந்த ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு “திரும்ப வளரும்” என்று உறுதி சொல்லி விற்பது அநியாயம்.

தேங்காய் எண்ணெய்க்கு உள்ள சான்று வேறு விதமானது. முடியின் புரதம் கழுவுப்பட்டுப் போவதை அது குறைக்கும் என்று 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மினரல் ஒயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அதைச் செய்யவில்லை. ஆனால் அது வெளியே வந்துவிட்ட முடிக்குச் செய்யும் உதவி. முடி முளைப்பது தோலுக்குள்ளே இருக்கும் வேரில்.

அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பொடுகு என்றால் எண்ணெய் பூசியபடி இரவில் தூங்க வேண்டாம். பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற நுண்பூஞ்சை தலைத்தோலின் கொழுப்பைத் தின்று வளர்வது. எண்ணெய் அதற்கு இன்னும் தீனி. முதலில் பூஞ்சையைக் கொல்லும் கீட்டோகொனசோல் ஷாம்பூவால் பொடுகை அடக்குங்கள்.

அடுத்தது, முடி கொட்டத் தொடங்க இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னர் உங்கள் உடம்புக்கு என்ன நடந்தது? கடும் காய்ச்சல் வந்ததா? பிள்ளை பெற்றீர்களா? சாப்பாட்டை ஒறுத்து மெலிந்தீர்களா? இவற்றில் எது நடந்தாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். 2017இல் கிண்ணியாவை டெங்கு ஆட்டிப்படைத்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படியான காய்ச்சலிலிருந்து எழும்பியவர்களுக்குச் சில மாதம் கழித்து முடி கொட்டினால் அது பெரும்பாலும் தானாகவே திரும்ப வளரும். அந்த நேரத்தில் எந்த எண்ணெயைப் பூசியிருந்தாலும் பெயர் எண்ணெய்க்குத்தான் போகும். இந்த வியாபாரம் இத்தனை காலம் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

காய்ச்சலும் இல்லை, பேறும் இல்லை என்றால் இரும்புச்சத்துக் குறைவையும் தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகிற பெண்களை இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி பிடிக்கும். இரண்டும் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், இரண்டுக்கும் மருந்து உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் காசு வேண்டாம். வகிடு மட்டும் அகன்றுகொண்டே போகிறது என்றால் பரம்பரை மெலிவாகவும் இருக்கலாம். அதற்கு மினொக்ஸிடிலைத் தோல் வைத்தியர் தருவார். கர்ப்பமாக இருந்தாலோ பாலூட்டினாலோ அதை மறக்காமல் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரோஸ்மேரி பூச ஆசையாக இருந்தால் நான் தடுக்கவில்லை. கலக்காத எண்ணெயை நேரே தலையில் ஊற்றாதீர்கள், தோல் எரியும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்குப் பத்துத் துளி போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ விட்டுவிடுங்கள். ஒத்துக்கொண்டால், முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னர் பூசி, சுத்தமாகக் கழுவுங்கள். கடைக்காரர் காட்டிய அந்தப் போத்தல் வேண்டாம். அந்தக் காசு இரத்தப் பரிசோதனைக்கு இருக்கட்டும்.