உப்புக்காத்து ஊரில் நகராட்சி வேலை: கேட்டதும் சொன்னதும்

கடலூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே உள்ள கரையோர ஊர்களில் பணி மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குழாய், வடிகால், தெருவிளக்கு, கட்டடம் எல்லாம் நேரடியாகப் பார்த்த வேலைகள். வரியும் பிறப்புச் சான்றும் பக்கத்து மேசைக்காரர்களிடம் கேட்டுக் கற்றவை. கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐயா, எங்கள் தெரு அடிபம்பில் பத்து வருடத்துக்கு முன்னால் நல்ல தண்ணீர் வந்தது. இப்போது வாயில் வைக்க முடியவில்லை. இன்னும் ஆழமாக போர் போடச் சொன்னால் பொறியாளர் முடியாது என்கிறார். பணம் இல்லை என்று சாக்குச் சொல்கிறாரா?

இல்லை தம்பி, இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி. உள்நாட்டில் ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கலாம். நம் மணலில் பெரும்பாலும் கதை தலைகீழ். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. அதனால் பாலில் ஆடை மாதிரி மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்பு காலப்போக்கில் நாற்பது அடி ஏறப் பார்க்கும். அதில் ஆழமாக போர் போடுவது உப்பைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வைக்கிற வேலை.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீரில் இது சுமார் 35,000. அதாவது இருபது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல் நீர் கலந்தாலே அந்த 2,000-ஐ நெருங்கிவிடும். வேதாரண்யம் பக்கத்துக்குக் கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் அவ்வளவு தூரம் தண்ணீர் கொண்டுவருவது இதனால்தான்.

உங்கள் தெருவில் செய்யக்கூடியது மழைநீர் சேகரிப்பு. 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆக்கினார்கள். பல வீடுகளில் குழாய் மட்டும் சுவரில் தொங்குகிறது, கீழே குழி இல்லை. கரையோரத்தில் இறங்கும் மழை உப்பைக் கீழே அழுத்தி வைக்கிறது. வாளி போட்டு இறைத்த காலத்தில் அந்த ஆழமில்லாத மணற்கிணறுகள் ஏன் இனித்தன என்று பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரில் சில நாள் மருந்து வாடை அடிக்கிறது. குடிக்கலாமா?

குடிக்கலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. லேசான வாடை இருந்தால் மருந்து உங்கள் வீடு வரை வந்திருக்கிறது என்று பொருள். நான் பயப்படுவது வாடையே இல்லாத நாளில்தான். அப்புறம் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டுபவர்களுக்கு ஒன்று: பக்கத்தில் சாக்கடை ஓடி, குழாயில் ஒரு விரிசலும் இருந்தால், உங்கள் மோட்டார் சாக்கடையையும் சேர்த்துத்தான் உறிஞ்சும்.

சார், போன வருடம் பல லட்சம் செலவில் புது வடிகால் கட்டினார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வெளியே போகாமல் தெருவுக்கே திரும்பி வந்தது. ஊழலா, முட்டாள்தனமா?

ஊழல் பற்றி எனக்குத் தெரியாது. வடிகால் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊர்களில் தெருவுக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் மிகக் குறைவு. வடிகாலின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஓதம் ஏறும்போது கடல் அந்த வாயைவிட மேலே நின்றால் தண்ணீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமிக்கு இது இன்னும் மோசம். இதில் பலர் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கடலின் சராசரி மட்டமே கோடையைவிட உயர்ந்து நிற்கும். சித்திரையில் மட்டம் எடுத்துவிட்டு வடிகால் கட்டினால், காகிதத்தில் அழகாக ஓடும்.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) இப்படித்தான் நடந்தது. எதிர்த்து எழுதாமல் நானும் கையெழுத்துப் போட்டேன். முதல் மழையில் வடிகாலுக்குள் கெண்டை மீனுக்குப் பதில் கடல் மடவை வந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

வாயில் ஒருவழிக் கதவு வைத்தால் ஓதம் உள்ளே வராது. ஆனால் அதில் ஒரு துணியோ தேங்காய் மட்டையோ சிக்கினால் கதவு மூடாது, ஆகவே மழைக்காலம் முழுக்க ஆள் பார்க்க வேண்டும். இரும்பு என்றால் சில வருடத்தில் துருப்பிடித்து நின்றுவிடும். கதவு மூடியிருக்கும் மணி நேரங்களில் மழை கொட்டினால் தேங்கக் குளம் வேண்டும், அல்லது பம்பு வேண்டும். குளங்களைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டிய ஊர்களுக்குப் பம்பு ஒன்றுதான் கதி.

இன்னொன்று முகத்துவாரம். கோடையில் அலை மணலைத் தள்ளி அடைத்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் வெட்டிவிட வேண்டும். தெரு வடிகால் நகராட்சியுடையது, நெடுஞ்சாலை ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறையுடையது, ஆற்று வாய் நீர்வளத் துறையுடையது. மூன்று பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒரே மனுவை மூவருக்கும் அனுப்பி, ஒவ்வொன்றிலும் மற்ற இருவருக்கும் நகல் என்று எழுதுங்கள்.

எங்கள் தெருவிளக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை போய்விட்டது.

கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்துடையது, விளக்கு நகராட்சியுடையது. புகாரில் கம்ப எண்ணை எழுதுங்கள், இல்லையென்றால் ஆள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். உப்புக்காத்தில் முதலில் போவது பல்பு அல்ல, இணைப்பும் கிளாம்பும். வெறும் பல்பை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் போகும்.

அண்ணே, கடலிலிருந்து 150 மீட்டரில் மனை விலைக்கு வருகிறது. வீடு கட்ட நகராட்சி அனுமதி தருமா?

நகராட்சி மட்டும் தர முடியாது. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றம் வந்து தொடும் கடைசி எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 1991-இல் வந்த விதி இது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதினார்கள். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி என்றால், இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்ட வழி உண்டு. கடல்பக்கமாக என்றால் மறந்துவிடுங்கள். தூரத்தை அலை அடிக்கும் இடத்திலிருந்து நீங்களே அளக்கக் கூடாது. அரசு அங்கீகரித்த வரைபடத்தில் கோடு இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் சர்வே எண்ணோடு அதைப் பாருங்கள்.

கட்டுவதானால், கடல் சாரல் படும் இடத்தில் கம்பிக்கு மேலே 50 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், எம்-35 என்ற வலுத் தரத்தில் கலவை வேண்டும். கொத்தனார் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கட்டையை (கவர் பிளாக்) 25 மில்லிமீட்டருக்கு வைத்துவிட்டு ‘காலங்காலமா இப்படித்தான்’ என்பார். கலவைக்கு உப்பு போர்த் தண்ணீரையும் விடாதீர்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கடல் எங்கள் குப்பத்துக்குள் வந்துகொண்டே இருக்கு சார். கல் கொட்டச் சொல்லிக் கவுன்சிலரிடம் மூன்று மனு கொடுத்தோம். பதிலே இல்லை.

அம்மா, தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், போட நகர்மன்றத்துக்கு அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. அதை மீன்வளத் துறையும் நீர்வளத் துறையும்தான் செய்கின்றன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், பதிவு எண் வாங்குங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் கல் வைத்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. உங்கள் குப்பத்துக்குக் கல் போட்டால் வடக்குக் குப்பத்துக்காரர்கள் அடுத்த வருடம் மனுவோடு நிற்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஊருக்கும் சேர்த்தே திட்டம் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. தெரிந்த ஆள் ஒருவர் உள்ளே இறங்கிச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார், செலவும் குறைவு.

வேண்டாம். விஷவாயுவில் உயிர் போகும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அவரை இறக்கும் நீங்களும் குற்றவாளி. 14420 என்ற எண்ணுக்கு அடித்தால் உரிமம் பெற்ற லாரி வரும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

குப்பை வண்டி வாரத்துக்கு ஒருநாள் வருகிறது. சொத்துவரி கட்டாமல் நிறுத்தி வைத்தால் வழிக்கு வருவார்களா?

வரமாட்டார்கள். தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டிதான் ஏறும். மாறாக, அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். வரியைக் கட்டிவிட்டு, ரசீதோடு பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். துப்புரவு ஆய்வாளரிடம் வண்டி வரும் நாள் அட்டவணை இருக்கும், அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தை தஞ்சாவூரில் பிறந்தது, நாங்கள் இருப்பது இங்கே. சான்றிதழ் எங்கே?

பிறந்த இடத்தில். 21 நாளுக்குள் பதிவு இலவசம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் கட்டணம் கட்டி 15 வருடம் வரை.

போட்ட சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்துவிட்டது. கேட்டால் ‘எஸ்டிமேட்படிதான் போட்டோம்’ என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

எஸ்டிமேட்டைக் கேட்காதீர்கள், அது செய்ய நினைத்தது. செய்ததாக எழுதியது அளவுப் புத்தகத்தில் இருக்கும். ஆபீசில் எம்-புக் என்பார்கள். வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, அந்தத் தெருவுக்கான எம்-புக் பக்கங்களின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் இருக்கும். பெயர்ந்து கிடக்கும் ஓரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் ஸ்கேலை வைத்து, எண் தெரியப் படம் எடுத்துக்கொண்டு, ஆணையரைப் பார்க்கப் போங்கள்.