நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் பொதுக் காரியமும்

வணக்கம் டீச்சர். மாதம் ஒருமுறை நாலாம் வகுப்பைக் குப்பை பொறுக்கக் கூட்டிப்போகிறீர்கள், போட்டோ எடுத்ததும் ஆர்வம் வடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. வேலையைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், அவர்கள் கூட வந்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வைத்து ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யூனிசெஃப்புக்காக எழுதினார். பிள்ளைகளைப் பேருக்கு நிற்க வைப்பது அதில் கீழ்ப்படிகளில்தான் வருகிறது.

அடுத்த முறை தாளும் பென்சிலும் கொடுத்துப் பள்ளியைச் சுற்றி நடக்க விடுங்கள். "இங்கே யாருக்கு என்ன சிரமம்?" என்று மட்டும் கேளுங்கள். சொட்டும் குழாய், சக்கர நாற்காலி ஏற முடியாத வாசல் என்று நம் கண்ணில் படாததெல்லாம் வரும். எதை எடுப்பது என்று அவர்களே ஓட்டுப் போடட்டும்.

குழாய் என்றால், அடியில் ஒரு பாட்டிலை வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்று அளக்கட்டும். 24-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. கணக்குப் பாடமும் ஆச்சு. அந்த அளவைச் சொல்லிப் பொறுப்பானவருக்குக் கடிதம் எழுதட்டும். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், ஆனால் அவர்கள் சொன்ன விதத்தை மாற்றாதீர்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுத வையுங்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது: கேட்டதும் கிடைக்காது, விடாமல் மரியாதையாகக் கேட்கணும் என்பது இந்த வயதிலேயே பழகிவிடும்.

அப்புறம், பரிசு வேண்டாம். வாய் திறக்காத பிள்ளைக்கு அளக்கும் வேலையைக் கொடுங்கள். அளவைச் சொல்லவாவது அவள் பேசியாகணும்.