லிஸ்ட்ல இருக்கு, கண்ணுல படல!

போன இதழ்ல "நீங்க பாக்கணும்னு ஆசப்பட்டு இன்னும் பாக்காத பறவை எது"ன்னு சும்மா ஒரு வரி கேட்டு வச்சோம். வந்து குவிஞ்ச லெட்டரைப் பாத்தா ஊர்ல பாதி பேர் டைரியும் கையுமா அலையுறாங்க போல. சிலதுக்கு மட்டும் இங்க பதில்.

பைனாக்குலர் வாங்கி ஆறு மாசம் ஆச்சு. பாக்கணும்னு 42 பறவை எழுதி வச்சிருக்கேன். அதுல நீளவால் இலைக்கோழிக்காக மட்டும் ஜனவரில மூணு வாட்டி பள்ளிக்கரணைக்குப் போய்ட்டேன், அந்த வாலையே காணோம். நான் என்ன தப்பு பண்றேன்?
– ஒரு வாசகர், தாம்பரம்

கண்ணு மேல தப்பு இல்ல, காலண்டர் மேலதான். அனேகமா நீங்க அந்தப் பறவைய மூணு வாட்டியும் பாத்திருப்பீங்க, தெரியாம விட்டிருப்பீங்க. ஏன்னா அந்த நீளமான வளைஞ்ச வாலு இனப்பெருக்க காலத்துல மட்டும்தான் இருக்கும், ஜனவரில வாலெல்லாம் கொட்டிப்போய் பழுப்பும் வெள்ளையுமா கழுத்தோரம் ஒரு கோடோட ஏதோ சின்னக் கோழி மாதிரி இலை மேல நடந்துட்டு இருக்கும், நீங்க போட்டோல பாத்த பறவையும் அதுவும் ஒண்ணுன்னு யாரும் சத்தியம் பண்ணாலும் நம்ப மாட்டீங்க. வெயில் காலம் முத்தி மழை ஆரம்பிக்கிற சமயமா போங்க, தண்ணி பாட்டில் ரெண்டா எடுத்துக்கங்க. அப்ப இன்னொரு கூத்தும் பாக்கலாம், இந்த இனத்துல முட்டைய அடைகாக்குறது, குஞ்சு வளக்குறது எல்லாம் அப்பாதான், அம்மா முட்டைய போட்டுட்டு அடுத்த ஜோடி தேடிப் போயிடும்.

இப்ப அந்த 42 பறவை பேரு இருக்குற டைரிய எடுங்க. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் எந்த மாசம், எந்த மாதிரி இடம், எத்தன மணின்னு எழுதுங்க. எழுத முடியலன்னா அந்தப் பறவை இன்னும் உங்க லிஸ்ட்டுக்கு வரல, படிச்சுட்டு அப்புறம் சேத்துக்கலாம். அரசவால் ஈப்பிடிப்பான்னு எழுதிட்டு ஆம்பளயோட வெள்ளை ரிப்பன் மாதிரி வாலை மட்டும் தேடுனீங்கன்னா பொட்டையும், வாலு வளராத செம்பழுப்பு இளவட்டங்களும் தலைக்கு மேலயே பறந்தாலும் தெரியாது. இருவாச்சிக்கு வால்பாறை போறீங்கன்னா ரூம் எங்க நல்லாருக்கும்னு கேக்குறதுக்கு முன்னாடி எந்த ஆலமரம், அத்திமரம் பழுத்திருக்குன்னு எஸ்டேட் ஆளுங்ககிட்ட கேளுங்க, மரம் பழுத்தா அது வந்தே தீரும். ஜனவரிலேருந்து ஏப்ரல் வரைக்கும் பொட்டை மரப்பொந்துக்குள்ள தன்னையே வச்சுப் பூசிக்கிட்டு ஒரு சந்து வழியா சாப்பாடு வாங்கிட்டு இருக்கும், அப்ப கூட்டுப் பக்கம் போய் நிக்காதீங்க. ஆம்பள பயந்து திரும்பிப் போனா உள்ள இருக்குறவங்களுக்கு அன்னைக்கு பட்டினி.

தவளைவாயன்னு ஒரு பறவை, அதுக்கு கேரளாவுல தட்டேக்காடு போகணும். அங்க கைடு நேரா விரலை நீட்டிக் காட்டுவாரு, அப்பவும் அஞ்சு நிமிஷத்துக்கு உங்களுக்கு காஞ்ச எலையாத்தான் தெரியும். நான் போனப்ப ஒரு கொடிக்கு நடுவுல ரெண்டு சருகு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒண்ணு சாம்பல், ஒண்ணு செங்கல் கலரு. சாம்பல் சருகு மெதுவா கண்ண கீறல் மாதிரி தொறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிச்சு. அதுதான் ஆம்பளயாம். பகல் முழுக்க ஜோடியா அப்படியே அசையாம உக்காந்திருக்குமாம்.

சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு திருநெல்வேலி போனோம். எங்க வீட்டுக்காரர் விடியக்காலைல எழுந்து கூந்தன்குளம் போய் ஏதோ வாத்து பாத்துட்டு முகூர்த்தம் முடிஞ்சப்பறம் சேறு காலோட மண்டபத்துக்கு வர்றாரு. மானம் போச்சு. அப்படி என்ன அந்த வாத்துல?
– ஒரு வாசகி, திருச்சி

மண்டபத்துக்கு லேட்டா வந்ததுக்கு நான் வக்காலத்து வாங்க முடியாது, அது தப்புதான். ஆனா அந்த வாத்து சாதாரண ஆளு இல்ல மேடம். வரித்தலை வாத்து, பின்னந்தலைல ரெண்டு கருப்புக் கோடு போட்டிருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் ஏரிங்கள்ல குஞ்சு பொரிச்சுட்டு இமயமலையத் தாண்டிப் பறந்து வந்து நாங்குநேரி பக்கத்துல ஒரு ஊர்க் கொளத்துல வந்து இறங்குது. அவரு மண்டபத்துலேருந்து ஒரு மணி நேரம் போனதுக்கே நீங்க கோச்சுக்கிட்டீங்க, அதையும் நெனச்சுப் பாருங்க! அடுத்த வாட்டி ஒப்பந்தம் போட்டுருங்க, விடிஞ்சதுலேருந்து ஒம்பது மணி வரைக்கும் அவரோட டைம், அதுக்கு மேல பைனாக்குலர் உங்க கைப்பைல. எப்படியும் ஒம்பது மணிக்கு மேல காட்டுப் பறவையெல்லாம் அடங்கிடும், அவருக்கு பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்ல.

கைடு ஒருத்தர் ஸ்பீக்கர்ல தீக்காக்கை குரல போட்டாரு. ரெண்டு நிமிஷத்துல செக்கச்செவேல்னு வந்து உக்காந்துச்சு. சந்தோஷமாவும் இருந்துச்சு, என்னமோ திருடுன மாதிரியும் இருந்துச்சு.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

உங்களுக்குத் தோணுனது சரிதான். அது உங்களப் பாக்க வரல. தன் எல்லைக்குள்ள வேற ஒரு ஆம்பள புகுந்துட்டான்னு சண்டைக்கு வந்துச்சு. இரை தேடுறத விட்டுட்டு, கூடு இருந்தா கூட்டையும் விட்டுட்டு, இல்லாத எதிரியத் தேடி அலையும். ஒரு நாள்னா பரவால்ல, டூரிஸ்ட் வர்ற இடத்துல அதே பறவைக்கு தினமும் காலைல மூணு குரூப், சாயங்காலம் ரெண்டு குரூப். ஆனா கைடை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல, லிஸ்ட்ட கைல வச்சுக்கிட்டு "காட்டலன்னா காசு குறைச்சுப்பேன்"னு நிக்கிறது நாமதானே. கெளம்புறதுக்கு முன்னாடியே "ஸ்பீக்கர் வேணாம்ண்ணே, பறவை வரலன்னாலும் பேசுன காசு முழுசா தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. அந்த ஆளு மொகத்துல ஒரு நிம்மதி தெரியும் பாருங்க, நான் பாத்திருக்கேன்.

சிரிப்பான் பறவைய ஊட்டிலயும் பாத்தேன், கொடைக்கானல்லயும் பாத்தேன். டைரில ஒண்ணா, ரெண்டா?
– ஒரு வாசகி, ஈரோடு

ரெண்டு! ஊட்டில பாத்தது நீலகிரி சிரிப்பான், தொண்டைலேருந்து வயிறு வரைக்கும் செம்பழுப்பா இருக்கும். கொடைக்கானல்ல பாத்தது பழனி சிரிப்பான், நெஞ்சு சாம்பல். நடுவுல பாலக்காட்டுக் கணவாய் கெடக்கு, ரெண்டும் மலை உச்சில வாழுறதுங்க, தாண்டி வந்து சம்பந்தம் பண்ணிக்க முடியாம காலங்காலமா தனித்தனியா போயிருச்சு. 2017ல வந்த மரபணு ஆய்வுல மேற்குத்தொடர்ச்சி மலை சிரிப்பான்கள நாலு தனி இனமா வச்சு, புதுசா ஒரு பேரினமே குடுத்தாங்க. வீட்ல சாஞ்சு உக்காந்திருக்கப்பவே டைரில ஒண்ணு கூடுற சுகம் இருக்கே, அது தனி. இன்னொண்ணும் கவனிங்க, நீலகிரி சிரிப்பான் உலகத்துலயே அந்த மலைல மட்டும்தான் இருக்கு, ஆனா அங்க போனா தொட்டபெட்டா பக்கம் டீக்கடை ஓரத்துலயே தத்தித் தத்தி வரும்.

குரல் மட்டும் கேட்டா கணக்குல சேத்துக்கலாமா? போட்டோ இல்லன்னா?
– ஒரு காலேஜ் மாணவர், மதுரை

சேத்துக்கலாம். பறவைக் கணக்கு பதியுற இபேர்ட் வெப்சைட்லயே கேட்ட பறவையும் கணக்குதான். போட்டோ தேவையே இல்ல தம்பி, லென்ஸ் வாங்குற காசுல பத்து ஊரு பஸ்ல போய்ட்டு வரலாம். ஆனா அபூர்வமான பறவைன்னா நிறம், சைஸ், என்ன பண்ணிட்டு இருந்துச்சுன்னு அங்கயே நாலு வரி எழுதி வச்சுடுங்க, வீட்டுக்கு வந்து எழுதுனா நெனப்பு தானா கலர் அடிச்சுடும்.

உலகத்துலயே அதிகமா பாத்தவர் யாரு?
– ஒரு வாசகர், வேலூர்

மொத்தம் சுமார் 11,000 இனம் இருக்கு. அதுல 10,000த்த முதல்ல தொட்டது பீட்டர் கேஸ்ட்னர்னு ஒரு ரிட்டயர்டு அமெரிக்க தூதரக அதிகாரி, 2024 பிப்ரவரில பிலிப்பைன்ஸ்ல ஒரு சிலந்திபிடிப்பானப் பாத்து. ஆனா எனக்கு எப்பவும் ஃபீபி ஸ்னெட்சிங்கர் அம்மாதான். 1981ல புத்துநோய், கொஞ்ச நாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு, அந்தம்மா அதுக்கப்புறம்தான் ஊர் ஊரா சுத்தி 8,000த்த முதல் ஆளா தாண்டுனாங்க. 1999ல மடகாஸ்கர்ல பறவை பாக்கப் போன எடத்துல வேன் கவுந்து செத்துப்போனாங்க.

எல்லாருக்கும் பதில் சொல்றீங்களே, உங்க லிஸ்ட்ல முதல்ல இருக்குறது எது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பெருமைக்கு சொல்லணும்னா ஆந்திரால கடப்பா பக்கம் இருக்குற கலிவி கோடின்னு சொல்லுவேன். 1900க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படாம அழிஞ்சு போச்சுன்னே நெனச்சு, 1986ல திரும்பக் கெடச்ச ராத்திரிப் பறவை.

உண்மைய சொல்லணும்னா ஆறுமணிக்குருவி. சிரிக்காதீங்க. காலைல ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி வாக்குல ரெட்டை விசில் அடிக்கும், அத நான் எத்தனையோ வாட்டி கேட்டாச்சு, என் சொந்த ரூல்ல கண்ணால பாத்தாதான் கணக்கு. இதுக்குன்னே காட்டுக்கு மூணு தடவ போய்ட்டேன். மூணாவது தடவ காட்டுல கொசுக்கடில உக்காந்திருக்கேன், அம்மா போன் பண்றாங்க, "டேய், கொல்லப்பக்கம் பாத்ரூம்ல ஒரு குருவி விழுந்து கெடக்குடா, பச்ச முதுகு, வயித்துக்குக் கீழ குங்குமம் அப்புன மாதிரி இருக்கு, வாலே இல்ல"ன்னு. வடக்கேருந்து ராத்திரில பறந்து வர்றப்ப களைச்சுப் போயி இப்படி வீடுங்கள்ல விழுறது அக்டோபர்ல சகஜம். ஒரு அட்டப்பெட்டில ஓட்டை போட்டு, உள்ள துணி விரிச்சு, இருட்டா வைம்மா, தண்ணி எதுவும் வாய்ல ஊத்தாத, சாயங்காலம் மரத்தடில தொறந்து விடுன்னு சொன்னேன். "நீ வர்ற வரைக்கும் வச்சிருக்கவா?"ன்னு கேட்டாங்க. வேணாம்னு சொல்றதுக்கு எனக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு இங்க எழுத மாட்டேன்.

முருங்கமரத்தடில விட்டாங்களாம், ரெண்டு சருகப் பொரட்டிப் போட்டுட்டு குட்டி வாலை ஆட்டிக்கிட்டே வேலிக்குள்ள பூந்துருச்சாம். அம்மா லிஸ்ட்ல மொத்தமே ஒரு பறவைதான், அது என் லிஸ்ட்ல இல்ல. இப்ப என் டைரில அந்தப் பேருக்குப் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்: அக்டோபர், எங்க வீட்டுக் கொல்லை, லீவு சொல்லியாச்சு.