காற்று வீசும்போதும் நிலக்கரி எதற்கு?

*எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. இருந்தும் நிலக்கரியைக் கப்பலில் கொண்டுவந்து எரிப்பது ஏன்? நல்ல காற்று வீசும் நாளிலும் சில காற்றாலைகள் சுற்றாமல் நிற்கின்றனவே?*
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

தமிழ்நாட்டின் காற்றாலைகளுடைய மொத்த நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் நிறுவுதிறன் என்பது காற்று முழு வேகத்தில் வீசும்போது கிடைக்கக்கூடிய உச்ச அளவு மட்டுமே. ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் மின்சாரமாகக் கைக்கு வரும். காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது இதற்கு முக்கியக் காரணம். பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை ஆகிய கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வருகிற மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் இந்த ஆலைகள் தம் திறமையைக் காட்டுகின்றன. மற்ற மாதங்களில் தேவையை வேறு எதையாவது கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

அந்த வேறு எதையாவது என்பது நம் மாநிலத்தில் பெரும்பாலும் நிலக்கரியாகவே இருக்கிறது. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து வருகிறோம். வடசென்னைக்கும் தூத்துக்குடிக்கும் ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து பாராதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் நிலக்கரி வருகிறது. அனல் மின்நிலையத்தை விளக்கை அணைப்பதுபோல் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஆறிப்போன கொதிகலனை மீண்டும் சூடேற்றி உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். உற்பத்தியை மிகவும் குறைத்தாலோ, நெருப்பு நிலையாக எரிவதற்கு எண்ணெயும் சேர்த்து எரிக்க நேரிடும். எனவே மாலையில் தேவை உயரும் என்று தெரிந்தால், பகலில் காற்று தாராளமாக வீசினாலும் அனல் நிலையங்களைக் குறைந்த அளவிலாவது இயக்கியே வைத்திருக்கிறார்கள்.

சுற்றாமல் நிற்கும் காற்றாலைகளுக்கு வருவோம். பழுதோ பராமரிப்போ ஒரு காரணமாக இருக்கலாம். காற்று அளவு மீறி வீசினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. மூன்றாவது காரணம்தான் வருத்தத்துக்குரியது. மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் கம்பி வலையான மின்தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான், மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்பதைக் காட்டும் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். தேவைக்கு மேல் மின்சாரம் பாயும்போதும், அதைக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களில் இடமில்லாதபோதும், காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் இப்படி வீணாவதைத் தடுக்காமல் புதிய ஆலைகளை மட்டும் எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

*அணுமின்சாரம் புதுப்பிக்கத்தக்கதா?*
— ஒரு மாணவி, நாகர்கோவில்

இல்லை. கூடங்குளத்திலும் கல்பாக்கத்திலும் பயன்படும் யுரேனியம், நிலக்கரியைப் போலவே மண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்படுவது. எடுக்க எடுக்கக் குறைவது. ஆனால் உற்பத்தியின்போது கரியமில வாயுவை வெளியிடுவதில்லை. 'புதுப்பிக்கத்தக்கது', 'புகையற்றது' என்னும் இரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. விறகு புதுப்பிக்கத்தக்கதுதான், அதில் புகைக்குக் குறைவில்லை.

*காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி, அதையே கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்களாம். ஏற்றுவதற்கே மின்சாரம் தேவைப்படுகிறதே, இதில் என்ன லாபம்?*
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

அளவைப் பார்த்தால் நட்டம்தான். இத்தகைய நீரேற்று மின்நிலையங்களில் 100 யூனிட் செலவழித்து ஏற்றிய தண்ணீரிலிருந்து பொதுவாக 75 முதல் 80 யூனிட் வரைதான் திரும்பக் கிடைக்கும். ஆயினும் எந்த நேரத்து மின்சாரத்தைக் கொடுத்து எந்த நேரத்து மின்சாரத்தை வாங்குகிறோம் என்பதே இங்கு கணக்கு. தேவை குறைந்த வேளையில் மிஞ்சுவதைக் கொண்டு மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து காடம்பாறை அணைக்குத் தண்ணீரை ஏற்றிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் அதைத் திறந்துவிட்டால், சில நிமிடங்களிலேயே மின்சாரம் கிடைக்கத் தொடங்கும். 1980களின் இறுதியில் 400 மெகாவாட் திறனுடன் இந்த நிலையம் அமைந்தபோது, இரவில் அனல் நிலையங்களில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிப்பதே இதன் முதன்மையான வேலையாக இருந்தது. இன்று நண்பகல் சூரிய மின்சாரத்தையும் பருவகாலக் காற்று மின்சாரத்தையும் மாலைக்கு எடுத்து வைக்க இதே முறை வேண்டியிருப்பதால்தான் நீலகிரியில் குந்தாவிலும் 500 மெகாவாட் திறனில் ஒரு நீரேற்றுத் திட்டத்தை மேற்கொண்டிருக்கிறார்கள்.