மேஸ்திரி பதில்கள்: தேங்காயெண்ணெய் உறைந்தால் டெம்போ ஏறுமா?

*என்னிடம் ஒரு பழைய டெம்போ இருக்கிறது. வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றுகிறேன். சிப்ஸ் போடும் இடங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, வேட்டித் துணியில் வடிகட்டி, நாலு டின் எண்ணெய்க்கு ஒரு டின் டீசல் கலந்து ஓட்டுகிறேன். டீசல் ஃபில்டர் 700 கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. காலையில் பேச்சிப்பாறை ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்றே விடுகிறது. எந்த ஃபில்டர் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்?*
– வாசகர், குலசேகரம்

கேள்வியிலேயே ஒரு துப்பு வைத்திருக்கிறீர்கள்: 'காலையில்'. அதே வண்டி, அதே ஃபில்டரோடு மத்தியானம் அந்த ஏற்றத்தில் எப்படி ஏறுகிறது என்று எழுதவில்லை. ஒழுங்காக ஏறினால் உங்கள் ஃபில்டர் அடைக்கவே இல்லை. எண்ணெய்தான் உறைந்திருக்கிறது. இதுவரை தூக்கி எறிந்த ஃபில்டர்களில் பாதி நல்ல ஃபில்டராகத்தான் இருந்திருக்கும். வயிறு எரியும்தான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நானும் இதே முட்டாள்தனத்தைச் செய்தவன். தக்கலை பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலத்தில் ஒரு பழைய வேன் வைத்திருந்தேன். கல்யாணப் பந்தியில் மிஞ்சிய எண்ணெயை ஊற்றி ஓட்டிப் பார்க்கிற கிறுக்கு பிடித்தது. ஒரு மார்கழி விடியலில் பூதப்பாண்டி தாண்டி வண்டி முக்கி முக்கி நின்றது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஃபில்டரை மாற்றி, கைப்பம்பை அடித்து ஏர் எடுத்து, கிளப்பினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. கையில் வேறு ஃபில்டர் இல்லை. வெயில் ஏறும்வரை ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்து, சும்மா ஒரு தடவை சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது! வீட்டில் வந்து இந்த அதிசயத்தைச் சொன்னால் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடுக்களையில எண்ணெ உறைஞ்சு கெடக்கு. ஒங்க வண்டியில மட்டும் ஓடுமாக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியில் உறையத் தொடங்கும். பாமாயில் இன்னும் மோசம், நல்ல வெயிலிலேயே அடியில் கெட்டியாக நிற்கும். அதில் கெட்டிப் பகுதியைப் பிரித்தெடுத்த பாமோலின்தான் கொஞ்சம் தாங்கும். கோழி பொரித்த எண்ணெய் கலந்திருந்தால் அதிலிருக்கும் கொழுப்பு வேறு. டீசல் சேர்ப்பதால் உறைவது கொஞ்சம் தள்ளிப்போகும், நின்றுபோகாது. மலையோரத்தில் எண்ணெய் உறைய மார்கழி, தை விடியல் குளிரே போதும். இன்னொன்று, உறையாத எண்ணெயே டீசலைப் போலச் சுமார் பத்து மடங்கு கொழகொழப்பானது. புது ஃபில்டரின் பேப்பர்கூட அதை மெதுவாகத்தான் விடும். ஏற்றத்தில் எஞ்சின் நிறையக் கேட்கும்போது பம்புக்குப் போய்ச் சேராது. சமதளத்தில் ஓடி, ஏற்றத்தில் படுத்துக்கொள்வது அதனால்தான்.

சந்தேகமிருந்தால் அடுத்த தடவை நின்றதும் ஃபில்டரைக் கழற்றாதீர்கள். பக்கத்துக் கடையில் ஒரு செம்பு வெந்நீர் வாங்கி ஃபில்டர் கப்பின் மேல், வெளிப்பக்கமாக, மெதுவாக ஊற்றுங்கள். வண்டி இழுத்தால் கொழுப்பு. இழுக்காவிட்டால்தான் அழுக்கு.

அழுக்கு என்றால் அடுத்து ஃபில்டரை அறுத்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபில்டரை அப்படியே குப்பையில் போடுகிறவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படிக்காமல் கிழித்துப் போடுகிற மாதிரி அது. ஆக்சா பிளேடால் தகரத்தை அறுத்து, பேப்பரை விரித்து வெயிலில் பாருங்கள். விரலில் தேய்த்ததும் உருகுகிற வெள்ளை மெழுகு என்றால் மறுபடியும் கொழுப்புதான். காப்பிக் கசடு மாதிரி பழுப்புத்தூள் என்றால் சிப்ஸ் துணுக்கும் கரியும். வேட்டித் துணி போதவில்லை என்று அர்த்தம். செதில் செதிலாகத் துரு வந்தால் எண்ணெயைக் குற்றம் சொல்லாதீர்கள், டாங்கைக் கழற்றிக் கழுவுங்கள். பேப்பர் ஊறி உப்பி, சோப்புக் குழம்பு மாதிரி வழுக்கினால் தண்ணீர் கலந்திருக்கிறது. துத்தநாக முலாம் பூசிய தகர டிரம்மில் எண்ணெயைச் சேர்த்து வைத்தாலும் இதே குழம்பு வரும். பொரித்த எண்ணெயில் இருக்கும் அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து நிஜமாகவே சோப்பாகி விடுகிறது. பிளாஸ்டிக் கேன்தான் நல்லது. செம்புக் குழாயும் ஆகாது. எண்ணெய் கெட்டுத் தடிப்பதை அது வேகப்படுத்தும். கடைசியாக, தேன் மாதிரி ஒட்டி, டீசலில் கழுவினாலும் போகாத பிசின் இருந்தால் எண்ணெய் முற்றிவிட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் இது வரும். அதை நிறுத்திவிடுங்கள். ஃபில்டரில் நின்றது போக மிச்சம் நாசில் முனையிலும் பிஸ்டன் ரிங்கிலும் போய் ஒட்டும். அந்தச் செலவோடு பார்த்தால் ஃபில்டர் செலவு டீக்காசு.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பழைய மைக்கோ கம்பெனி பம்ப் வைத்த வண்டிகளில், டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பிலேயே ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். பெரிய ஃபில்டரை மூன்று தடவை மாற்றிவிட்டு, இந்தச் சல்லடையைத் திறந்தே பார்க்காமல் என்னிடம் வந்த டிரைவர்களை எண்ண முடியாது.

சரி, எந்த ஃபில்டர் என்று கேட்டீர்கள். கம்பெனி முக்கியமில்லை, அளவு முக்கியம். இரட்டைக் கப் வைத்த வண்டியில் முதலாவது துணி, இரண்டாவது பேப்பர். இரண்டையும் பேப்பராக மாற்றிவிடாதீர்கள். பெரிய கப் போட்டால் பரப்பு கூடும், அதே அழுக்கு அதிக இடத்தில் பரவும், நாளும் கூடும். ஆனால் உண்மையான வடிகட்டல் வண்டியில் நடக்கக் கூடாது, உங்கள் வீட்டுப் பின்புறத்தில் நடக்க வேண்டும். எண்ணெயைக் கேனில் ஊற்றி ஆட்டாமல் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். அடியிலிருந்து ஒரு சாண் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கச் சட்டியைச் சூடாக்கி ஒரு கரண்டி விடுங்கள், படபடவென்று வெடித்தால் இருக்கிறது. பிறகு 5 அல்லது 10 மைக்ரான் பையில் வடிகட்டுங்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் வரும். வேட்டித் துணி எந்த மட்டில் நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முறையாகச் செய்கிறவர்கள் இரண்டு டாங்க் வைப்பார்கள். டீசலில் கிளப்பி, ரேடியேட்டர் வெந்நீரால் எண்ணெயையும் ஃபில்டரையும் 70 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதன்பின் எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி டீசலுக்கு வந்து குழாயைக் கழுவிவிடுவார்கள். நெடுந்தூரம் போகிற லாரிக்கு இது சரி. நம் குமரி மாவட்டத்தில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு சந்தி, ஒவ்வொரு சந்தியிலும் குலை இறக்க வண்டியை அணைக்கிறோம். எண்ணெய் சூடேறுவதற்குள் மார்த்தாண்டம் வந்துவிடும். உங்கள் ஓட்டத்துக்கு இந்தச் செலவு கட்டாது என்பது என் கருத்து. வண்டியின் ஆர்.சி.யிலும் டீசல் என்றுதான் எழுதியிருக்கும், அதையும் நினைவில் வையுங்கள். சிப்ஸ் எண்ணெயை பயோடீசல் (எண்ணெயை ரசாயன முறையில் மாற்றி எடுக்கும் எரிபொருள்) தயாரிப்புக்கு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் டீசல் போடுவது மேல். 2018 ஜூலை 1 முதல், துருவச் சேர்மங்கள் (காயக் காய எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அப்படிக் கழித்த எண்ணெயை பயோடீசலுக்குச் சேகரிக்க ரூகோ என்ற திட்டமும் அதே ஆண்டு வந்தது.

*அடைத்த ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடலாமா?*
– வாசகர், களியக்காவிளை

துணியை டீசலில் அலசிப் போடலாம். பேப்பரைக் கூடாது. ஏர் பிடித்து ஊதினால் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், அப்புறம் அது ஃபில்டர் இல்லை, வெறும் ஓட்டை. பெட்ரோலைக் கையில் எடுத்து விளையாடவும் வேண்டாம்.

*மீன் ஏற்றும் லாரி. பயோடீசல் கலந்து போட்ட முதல் வாரத்திலேயே இரண்டு ஃபில்டர் அடைத்துவிட்டது. கலப்படமா?*
– வாசகர், தேங்காப்பட்டணம்

உடனே சண்டைக்குப் போகாதீர்கள். பயோடீசல் நல்ல கழுவி. வருடக்கணக்காக உங்கள் டாங்கின் சுவரில் டீசல் பூசி வைத்த கறையை எல்லாம் அது கரைத்து இழுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று ஃபில்டரோடு தானாக அடங்கிவிடும். அப்புறமும் அடைத்தால்தான் சரக்கில் சந்தேகம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் வையுங்கள். அடியில் பாகு மாதிரி தனியாகப் பிரிந்தால், பயோடீசல் தயாரிக்கும்போது பிரிகிற கிளிசரினைச் சரியாக எடுக்கவில்லை. ஃபில்டரில் கறுப்பாகக் கையில் ஒட்டும் துகள் இருந்தால் ஹோஸைப் பாருங்கள். ரப்பர் ஊரில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் இயற்கை ரப்பரை பயோடீசல் ஊறவைத்துப் பிய்த்துவிடும். பயோடீசலைத் தாங்கும் செயற்கை ரப்பரான வைட்டான் ஹோஸ் கேட்டு வாங்குங்கள். கடலோர வண்டி வேறு, டீசலில் இருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரை வாரம் ஒருமுறை திறந்து தண்ணீரை விடுங்கள்.

*எங்கள் தோட்டத்தில் ரப்பர் கொட்டை வீணாகிறது. அதை ஆட்டி எண்ணெயை லாரிக்கு ஊற்றலாமா?*
– வாசகர், அருமனை

வேண்டாம். காற்றுப் பட்டால் காய்ந்து தோலாகிற வகை எண்ணெய் அது, பெயிண்டுக்குப் போடுகிறார்கள். உங்கள் ஃபில்டரிலும் பெயிண்டாகத்தான் காயும். தேங்காயெண்ணெய் உறையும், ஆனால் லேசில் பிசினாகாது. இது நேர் எதிர். அமிலமும் அதிகம்.

*பி.எஸ்.6 (புதிய புகை விதிக்கு ஏற்ற) பிக்கப்பில் சமையல் எண்ணெய் ஊற்றலாமா?*
– வாசகர், நாகர்கோவில்

ஒரு சொட்டுகூடக் கூடாது. காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கிற காமன் ரெயில் எஞ்சின் அது. ஃபில்டர் அடைத்ததென்று நீங்கள் என்னிடம் வரமாட்டீர்கள், இன்ஜெக்டர் விலையைக் கேட்டுவிட்டுத்தான் வருவீர்கள்.

*டீசல் எஞ்சினே கடலை எண்ணெய்க்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டதாமே?*
– கல்லூரி மாணவர், தக்கலை

பாதிதான் உண்மை, தம்பி. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் ருடால்ஃப் டீசலின் எஞ்சின் அதற்கு முன்பே, 1897-லேயே, ஒழுங்காக ஓடிவிட்டது. கடலை எண்ணெயில் ஆர்வம் காட்டியது பிரெஞ்சு அரசு; ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் கடலை நிறைய விளைந்தது. டீசல் ஆரம்பத்தில் நிலக்கரித் தூளில்கூட ஓட்ட நினைத்தவர். அதற்கு ஃபில்டர் மாற்றுகிற வேலை எனக்கு வராமல் போனது என் பாக்கியம்.

*பழைய எண்ணெயில் ஓடினால் புகையில் சிப்ஸ் வாசம் வருமா?*
– வாசகி, திருவட்டாறு

வரும். என் வேன் தெருவில் நுழைந்தாலே பக்கத்து வீட்டு மைனி, "இன்னைக்கு பப்படமா?" என்று கேட்பார்.