பட்டியலில் இருக்கிற விமானம் வரைபடத்தில் வராதது ஏன்?

வீட்டில் வைத்திருக்கும் விமான ரிசீவரின் பட்டியலில் ஒரு விமானத்துக்கு 4521 போன்ற குறியீடும் (கட்டுப்பாட்டாளர் அதற்குக் கொடுக்கும் நான்கு இலக்க எண்) உயரமும் வந்து, இடம் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் ரிசீவரில் கோளாறு இல்லை. அந்த விமானத்தின் டிரான்ஸ்பாண்டர், அதாவது ரேடாருக்குப் பதில் சொல்லும் கருவி, தன் இடத்தைச் சொல்வதே இல்லை.

ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் கேட்கும், டிரான்ஸ்பாண்டர் 1090-இல் பதில் தரும். அந்தப் பதிலில் குறியீடும் உயரமும் இருக்கும், இடம் இருக்காது. சுழலும் ஆண்டெனா பார்த்த திசை, பதில் வந்துசேர்ந்த நேரம் இரண்டையும் வைத்து ரேடாரே இடத்தைக் கணக்கிடுகிறது. கட்டுப்பாட்டாளரின் திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் விமானத்தின் பெயர் வருவது, அந்த நான்கு இலக்கத்தைப் பயணத் திட்டத்தோடு பொருத்துவதால். உங்களிடம் சுழலும் ஆண்டெனா ஏது!

சரி, தங்கள் இடத்தைத் தாங்களே அறிவிக்கும் மற்ற விமானங்கள் வரைபடத்தில் தெரிகின்றனவா பாருங்கள். தெரிந்தால் அநேகமாக இதுதான் காரணம்.

ஆனால் சிக்னல் பலவீனமாக இருந்தாலும் இடச்செய்தி தவறும். விமானம் நெருங்கும்வரை பொறுத்துப் பாருங்கள்.